உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத பள்ளி ஆசிரியர் யார்?

எங்கள் பி.டி. சார். போன தை மாதம் காலமாகிவிட்டார், வயது 77. இந்தக் கேள்வி கண்ணில் பட்டதும் அவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பெயரைப் போட்டு எழுதுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார். அதனால் நாங்கள் கூப்பிட்டது போலவே சார் என்றே எழுதுகிறேன்.

சாத்தான்குளத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே, தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் பள்ளிக்கூடம். மைதானம் முழுக்கச் செம்மண். வெயில் காலத்தில் வெறுங்காலோடு நின்றால் உள்ளங்கால் பொரிந்துவிடும். வலை கட்டுகிற தூண் இரண்டும் பனை. அறுநூறு, எழுநூறு பிள்ளைகளுக்கு உடற்கல்விக்கென்று இருந்தது இவர் ஒருவர்தான். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய கல்லூரி அது. அங்கே படித்ததில் சாருக்கு அத்தனை பெருமை. வாலிபாலைக் கண்டுபிடித்ததும் ஒரு ஒய்.எம்.சி.ஏ. ஆள்தான், 1895-ல், அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரில், வில்லியம் மார்கன் என்று பெயர், கூடைப்பந்து ஆட மூச்சு வாங்குகிற நடுவயசுக்காரர்களுக்காகச் செய்த ஆட்டம் என்று வருஷா வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வார். வேறு ஊர்க் கதை மாதிரி இருக்காது, பக்கத்துத் தெரு மாமா ஒருவரைப் பற்றிச் சொல்வது மாதிரி இருக்கும்.

பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கேட்பார்கள் இல்லையா, இவர் தரவே மாட்டார். ஆனால் எனக்குக் கணக்கு புரிந்தது இவரிடம்தான்.

நான் எட்டாம் வகுப்பு. குறுவட்டப் போட்டி அந்த வருஷம் எங்கள் பள்ளியில். முந்தின நாள் சாயங்காலம் கோர்ட் போட என்னையும் இன்னொருவனையும் நிறுத்திக்கொண்டார். வாலிபால் கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நடுக்கோட்டில் வெட்டினால் இரண்டு சதுரம், பக்கத்துக்கு 9. முளை அடித்து, கயிறு பிடித்து, நாலு பக்கமும் ஒன்பது அளந்துவிட்டோம்.

"சதுரமாலே இது?" என்றார்.

"ஆமா சார், நாலு பக்கமும் ஒம்பது."

"அங்கிட்டுப் போய் நின்னு பாரு."

போய்ப் பார்த்தேன். மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, காற்றில் சாய்ந்த பந்தல் மாதிரி. "பக்கம் சரியா இருந்தா மட்டும் பத்தாதுலே. மூலைக்கு மூலை பிடி" என்றார். பிடித்தோம். அப்புறம் குச்சியை எடுத்து மண்ணிலேயே எழுதினார். ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் 81, இன்னொரு 81, கூட்டினால் 162, அதன் வர்க்கமூலம் 12.73. எங்கள் கயிறு அதற்குச் சாண் அளவு குறைவாக நின்றது. சார் குனிந்து, முளையைப் பிடுங்கி விரற்கடை விரற்கடையாக நகர்த்தினார். கயிறு விண்ணென்று இழுத்து நின்றதும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வகுப்பில் மாதக்கணக்காக மனப்பாடம் செய்த பிதாகரஸ் தேற்றத்துக்கு அப்படி ஒரு வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓட்டப் பந்தயத்தில் வெளித் தடத்துக்காரனை ஏன் முன்னால் நிறுத்துகிறார்கள் என்பதையும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். உள் தடத்தில் ஒருவனையும் அடுத்த தடத்தில் ஒருவனையும் கயிற்றோடு நடக்கவிட்டு, கடைசியில் இரண்டு கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார்.

சட்டைப் பையில் எப்போதும் பேனாவோடு ஒரு காற்று ஊசி குத்தியிருக்கும். பந்துக்குக் காற்றடிக்கும் முன் அந்த ஊசியை நாக்கில் தொட்டு ஈரம் பண்ணிக்கொண்டுதான் செருகுவார். காய்ந்த ஊசியைக் குத்தினால் உள்ளே வால்வு கிழிந்துவிடும். இரண்டு பந்தை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க ஓட்ட வேண்டிய பள்ளிக்கூடம் அது. அடித்து முடித்ததும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். இன்றைக்கும் எந்தப் பந்தைக் கையில் எடுத்தாலும் என் கட்டைவிரல் தானாக அழுத்துகிறது.

1996 வாக்கில் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு டீம் வேண்டும் என்று ஆரம்பித்தார். ஊரில் லேசில் விடவில்லை. வீடு வீடாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஆட்டத்தை முடித்து, ஒவ்வொரு பிள்ளையையும் பஸ் ஏற்றிவிட்டுத்தான் தன் சைக்கிளை எடுப்பார். ஆண்களுக்கு வலை உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. ஒரு மூங்கில் கம்பில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார், கீழ்க்கோட்டுக்குச் சிவப்பு. அந்த டீமில் ஆடிய அக்கா ஒருவர் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலைக்குப் போனார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பில் என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அண்டர் ஹேண்டில், அதாவது இரண்டு கையையும் சேர்த்துக் கீழிருந்து தட்டி, எந்தப் பந்தையும் எடுப்பேன், தேரி மண்ணில் விழுந்து புரள்வதற்குப் பயமே கிடையாது. ஆனால் வாலிபாலில் ஆட்டக்காரர்கள் இடம் மாறிக்கொண்டே வர வேண்டும், அந்தச் சுழற்சியில் வலையோரமாக முன் வரிசைக்கு வந்தால் என் தலைக்கு மேலே பந்து போய்க்கொண்டே இருக்கும். குடியரசு தின விளையாட்டுப் போட்டிக்கு டீம் எடுத்தபோது, எல்லோரும் நிற்க, என் பெயரை விட்டுவிட்டார். அன்றைக்கு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். ஒரு மாதம் அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. எல்லார் முன்னாலும் அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவரும் நினைத்திருக்க வேண்டும். ஒரு நாள் சைக்கிளை நிறுத்தி, "உன் உயரத்துக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாதுலே. கையைக் கெடுத்துராத. காலையில வா" என்றார்.

போனேன். ஐந்தரை மணிக்குப் பனியில் நனைந்த தோல் பந்து கல் மாதிரி கனக்கும். அதைத்தான் எடுக்கச் சொன்னார். நாள் ஒன்றுக்கு நூறு. முடிந்ததும் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த பாசிப்பயறும் ஒரு துண்டு உடன்குடிக் கருப்பட்டியும். டீமில் இல்லாத பையனுக்கு எதற்கு இது என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

1998-ல் சர்வதேச வாலிபாலில் லிபரோ என்று ஓர் இடத்தைக் கொண்டுவந்தார்கள். பின் வரிசையில் மட்டும் நின்று பந்தை எடுக்கிற ஆள். வலைக்கு மேலே அடிக்கக் கூடாது, தடுக்கக் கூடாது. ஆனால் மாற்று ஆட்டக்காரர் கணக்கில் சேராமல் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே போய் வரலாம், வேறு நிறச் சட்டை போட்டிருக்க வேண்டும். சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் புள்ளி என்ற பழைய முறை போய், ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, செட்டுக்கு 25 என்று வந்ததும் அதை ஒட்டித்தான். எங்கள் பக்கத்துப் பள்ளி ஆட்டங்களுக்கு இதெல்லாம் வந்து சேரக் கொஞ்ச நாள் ஆனது. சார் முதலிலேயே புது விதிப் புத்தகத்தை எங்கிருந்தோ வாங்கி வந்துவிட்டார். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வாசலில் வந்து நின்று, ஆசிரியரிடம் அனுமதி கேட்டு என்னை வெளியே கூப்பிட்டார். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை விரலால் தட்டி, "ஏலே, உனக்குன்னு ஒரு இடம் போட்டிருக்கான் பாரு" என்றார்.

அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

எல்லோருக்கும் நீலச் சட்டை. எனக்கு மட்டும் மஞ்சள், அவர் காசில் வாங்கியது. பின்னால் எண்ணை அவர் மனைவி கையால் தைத்துக் கொடுத்தார். அந்த வருஷம் நாங்கள் வருவாய் மாவட்ட இறுதிப் போட்டியில் தோற்றோம். ஆனால் நான் ஆடினேன்.

2006-ல் 58 வயதாகி ஓய்வு பெற்றார். அதற்கப்புறமும் காலையில் மைதானத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. முட்டி வலி வந்த பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் போய்ப் பக்கத்தில் நிற்பேன். வேலை, குடும்பம் எல்லாம் விசாரித்துவிட்டு, "இன்னும் எடுக்கியா?" என்று கேட்பார். சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறேன் என்று சொன்னால் அவருக்குப் போதும்.

அவர் போய் நாற்பதாம் நாள் முடிந்ததும் பழைய மாணவர்கள் சேர்ந்து அதே மைதானத்தில் ஒரு நாள் ஆட்டம் வைத்தோம். கோர்ட் போட்டது நாங்கள்தான், நாற்பது தாண்டிய ஆட்கள் ஆறு பேர். பக்கம் நாலும் அளந்தோம். மூலைக்கு மூலை பிடித்தோம். 12.60 வந்தது. ஆட்டம் பார்க்க வந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள், தலைமை விருந்தினர்கூட வந்துவிட்டார். இது போதும், ஆரம்பிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. முளையைப் பிடுங்கினோம். ஆட்டம் முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியது.