வள்ளி திருமணம் நாடகத்தைப் புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்: இசைத்தட்டா, சினிமாவா, கேசட்டா, யூடியூபா?

கேட்டவரின் சிக்கல் இதுதான்: வீட்டுப் பெரியவர்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்த்த நாடகம் என்று சொல்கிறார்கள், யூடியூபில் தேடினால் மூன்று நிமிடப் பழைய பாட்டு, கருப்பு வெள்ளை சினிமா, ஆறு மணி நேர வீடியோ எல்லாம் ஒரே பெயரில் வந்து நிற்கின்றன, இதில் எது அசல், எதை முதலில் கேட்பது?

பாட்டு வேண்டுமென்றால் பழைய நாடகப் பாடகர் கிட்டப்பாவின் இசைத்தட்டு. நாடகம் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு ஊர்த் திருவிழாவில் முழு ராத்திரியும் எடுத்த வீடியோ, சத்தம் எவ்வளவு கரகரத்தாலும் பரவாயில்லை. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் அப்புறம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

நான் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டு ஊர்க்காரன். எங்கள் பக்கம் பங்குனிப் பொங்கல், அதாவது பங்குனி மாதக் கோயில் திருவிழா என்றால் நாடகம் இல்லாமல் முடியாது. தெற்கே நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் போனால் அதையே கொடை என்பார்கள், அங்கே வில்லுப்பாட்டுக்கும் கணியான் கூத்துக்கும்தான் முதல் மரியாதை. அவை சாமிக்கு நடப்பவை, கதை ஓடும்போதே சாமி வந்து ஆடும். நாடகம் ஊருக்கு. பாயும் தலையணையும் கொண்டுபோய் இடம் போட்டுவிட்டு ஊரே பார்க்கிற விஷயம்.

இன்று மேடையேறும் வள்ளி திருமணத்துக்கு மூலம் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. அவரும் நம்ம சீமைக்காரர்தான், 1867ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், நாடகத்துக்கு வருமுன் உப்பளத்தில் கணக்கு எழுதியவர். 1922ல் புதுச்சேரியில் காலமானார். அவர் எழுதி வைத்தது பாட்டும் வசனமும் சேர்ந்த முழு நாடகம். ஆனால் இன்று மேடையில் நடப்பது ஸ்பெஷல் நாடகம் என்கிற வேறு ஏற்பாடு, அதைப் புரிந்துகொள்ளாமல் எந்தப் பதிவையும் எடைபோட முடியாது.

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன் வேஷம்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷம்) ஒரு ஊர், நாரதர் ஒரு ஊர், பபூனும் (கோமாளி) டான்ஸும் வேறு வேறு ஊர். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல தாளக்கருவிகள் சேர்ந்த செட்) வாசிப்பவர்களையும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுப்பார்கள். அன்று ராத்திரி மேக்கப் போடும் இடத்தில்தான் பல பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள். நாடகம் எல்லாருக்கும் மனப்பாடம், பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம், ஆனால் எதிரே நிற்பவர் அடுத்து என்ன கேட்பார் என்று யாருக்கும் தெரியாது. சுவை எல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே ஒரு வள்ளி திருமணத்தை இன்னொரு வள்ளி திருமணத்தோடு பாட்டை வைத்து ஒப்பிட்டால் பாதிதான் கிடைக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, முதலில் இசைத்தட்டு. எஸ்.ஜி. கிட்டப்பா செங்கோட்டைக்காரர், 1906ல் பிறந்து 1933ல் போய்விட்டார், 27 வயது. அந்த வயதுக்குள் அவர் பாடி வைத்ததை இன்னும் கேட்கிறோம். மைக் இல்லாத காலத்து மேடை அது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று மேல் ஸ்தாயியில் நின்று பாடிப் பழகிய தொண்டை, அந்தப் பழக்கம் தட்டிலும் அப்படியே கேட்கிறது. 'காயாத கானகத்தே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தினைப்புனத்தில் நிற்கும் வள்ளியைப் பார்த்து வேடன் வேஷத்தில் வந்த முருகன் பாடும் இடம். கிட்டப்பா மேலே போகும்போது கத்துகிற மாதிரி ஒரு இடம்கூட இல்லை, குரல் மெலியவும் இல்லை, பிருகா, அதாவது வேகமாக உருட்டும் ஸ்வரங்கள், ஒவ்வொன்றும் தெறித்து விழுகிறது.

ஆனால் அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் இடம். மேடையில் இதே பாட்டைக் கூட்டம் கேட்கக் கேட்க இழுத்து, ஸ்வரம் போட்டு, ஒன்ஸ்மோர் கேட்டால் திரும்பப் பாடுவார்கள். தட்டில் அதற்கு வழியில்லை, ஓட்டமாக ஓடி முடித்தாக வேண்டும். அதனால் கிட்டப்பாவின் தட்டைக் கேட்டுவிட்டு "நாடகத்தில் இப்படித்தான் பாடுவார்கள்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குரலுக்கு அது சாட்சி. பாடின விதத்தில் ஒரு பங்குதான் அதில் இருக்கிறது.

கே.பி. சுந்தராம்பாளின் பழைய தட்டுகளையும் கட்டாயம் கேட்க வேண்டும். கொடுமுடியில் பிறந்தவர், இலங்கைக்கு நாடகம் போடப் போன இடத்தில் கிட்டப்பாவைச் சந்தித்தார், பிறகு வள்ளியும் முருகனுமாக இருவரும் மேடையில் நின்றார்கள். நம்மில் நிறைய பேருக்கு அவர் ஔவையார் வேஷத்தில் வந்த வயதான குரல்தான் தெரியும். இருபது வயதுக் குரல் வேறு. அந்தக் குரலுக்கு எதிரே நின்று அதே சுருதியில் பாட கிட்டப்பா மாதிரி ஒருத்தர் வேண்டியிருந்தது. இன்றைய மேடையிலும் இந்தச் சிக்கல் உண்டு. வள்ளி வேஷக்காரருக்குத் தோதாக ஆர்மோனியக்காரர் சுருதி வைத்தால் ஆண் குரல் மேலே திணறும், ராஜபார்ட்டுக்கு வைத்தால் வள்ளி கீழே முனக வேண்டி வரும். ஒரு வீடியோவில் ஜோடி சரியா இல்லையா என்று பார்க்க முதல் தர்க்கப் பாட்டிலேயே (ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு மடக்கும் பாட்டு) இதைக் கவனியுங்கள்.

அடுத்து சினிமா. 1945ல் ஏவி.எம். எடுத்த 'ஸ்ரீ வள்ளி'யில் டி.ஆர். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மிணி வள்ளி. ருக்மிணியின் பாட்டு திருப்தியாக இல்லை என்று பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து, பாட்டுகளை மட்டும் அவர் குரலில் மாற்றிச் சேர்த்தார்கள். ஒரே படம், ஒரே முகம், இரண்டு குரல். மேடையில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, அங்கே பாடத் தெரியாதவர் வள்ளி கட்டவே முடியாது. பெரியநாயகி நன்றாகவே பாடியிருக்கிறார், குறை சொல்ல ஒன்றுமில்லை. மகாலிங்கமும் கிட்டப்பா வழியில் வந்த குரல், 'காயாத கானகத்தே'யை அவர் பாடியதுதான் இன்று அதிகம் பேர் வாயில் இருக்கிறது. கிட்டப்பாவையும் இவரையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். மகாலிங்கம் சொற்களைத் தெளிவாக வைக்கிறார், கொஞ்சம் குழைவும் உண்டு, மைக் பக்கத்தில் இருக்கிறது என்ற நிம்மதி குரலில் தெரிகிறது. எனக்கு இரண்டும் பிடிக்கும், ஒன்றுதான் என்றால் கிட்டப்பா.

1961ல் வந்த இன்னொரு 'ஸ்ரீ வள்ளி'யில் சிவாஜியும் பத்மினியும். முன்பு முருகனாக வந்த அதே மகாலிங்கம் அதில் நாரதர். அவருக்காக ஒருமுறை பார்க்கலாம், நாடகத்தைத் தெரிந்துகொள்ள அது உதவாது.

எண்பது, தொண்ணூறுகளில் வந்த கேசட்டுகளைப் பற்றி நிறைய பேர் பாசத்தோடு பேசுவார்கள். எனக்கும் பாசம் உண்டு, பொங்கலுக்குப் பந்தல்கால் நட்ட அன்றைக்கே ரேடியோ செட்டுக்காரர் குழாயைக் கட்டி அதைத்தான் போடுவார். ஆனால் 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். ஒரு ராத்திரியை இரண்டு மூன்று கேசட்டுக்குள் அடைக்க வேண்டுமென்றால் முதலில் வெட்டுப்படுவது தர்க்கம். மிச்சம் இருப்பதும் ஸ்டுடியோவில் பேசிவைத்துப் பேசிய தர்க்கம், இவர் கேள்வி முடிக்கும் முன்னே அவர் பதில் தயாராக நிற்கும். பாட்டு சுத்தமாக இருக்கும், கேட்க இதமாக இருக்கும், ஆனால் யாரும் யாரையும் மடக்கவில்லை என்பது காதுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது முழு ராத்திரி வீடியோ. பத்து மணிக்கு ஆர்மோனியக்காரர் பாட்டோடு தொடங்கி, பபூன் வந்து, டான்ஸ் வந்து, நள்ளிரவு வரை சிரிப்பு. அப்புறம்தான் வள்ளி தோழியோடு தினைப்புனத்துக்குக் கிளம்புவாள், ஆலோலம் பாடிப் பறவை விரட்டுவாள், நாரதர் வருவார். நாடகம் சூடு பிடிப்பது இங்கேதான்.

எங்கள் ஊர் மேடையில் நான் பார்த்த ஒரு இடம் சொல்கிறேன். வள்ளியைக் குறவர்கள் கண்டெடுத்தது வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில், பெற்றது மான். நாரதர் சாதாரணமாக "நீ யார் பெற்ற பிள்ளையம்மா?" என்று கேட்டு, அவள் மான் என்றதும் "மான் பெற்றது மானாக அல்லவா இருக்கும், நீ எப்படிப் பெண்ணானாய்?" என்று மடக்குவார். வழக்கமான பதில் புராணத்தில் இருக்கிறது, முனிவரின் பார்வை மான்மேல் பட்ட கதை. அன்றைக்கு வள்ளி கட்டிய அம்மா அதைச் சொல்லவில்லை. "சாமி, வீணையும் கையுமா மூன்று உலகமும் சுத்துறீங்க, கலசத்திலே பிறந்த அகத்தியரிடம் போய், நீங்கள் ஏன் கலசமாக இல்லை என்று கேட்டீர்களா?" என்று திருப்பிப் போட்டார். நாரதர் ஒரு நொடி நின்றுவிட்டார். அந்த நொடியில் ஆர்மோனியக்காரர் அவருக்குச் சுருதியை அழுத்திப் பிடித்து, அவர் பாடவேண்டிய விருத்தத்தின் (தாளமில்லாமல் பாடும் செய்யுள்) முதல் ஸ்வரத்தை எடுத்துக் கொடுத்தார். மிருதங்கம் ஒரு சின்னத் தீர்மானம் (தாள முத்தாய்ப்பு) வைத்தது. நாரதர் சிரித்துக்கொண்டே அகத்தியரைப் போற்றி விருத்தத்தில் இறங்கி, அதிலிருந்து பொதிகைக்கு வந்து, பொதிகையிலிருந்து முருகனுக்கு வந்து மறுபடி வள்ளியைப் பிடித்தார். எங்கள் பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம், "பாட்டு நமக்கும் தெரியும்லா, இதுக்குத்தாம்வே முழிச்சிக் கிடக்கது" என்றார். இதை எந்தத் தட்டில், எந்தக் கேசட்டில் பிடிப்பது?

வீடியோவில் தொல்லைகளும் உண்டு. நல்ல விருத்தம் நடுவில் "மேலத்தெரு நண்பர்கள் சார்பாக அன்பளிப்பு நூறு ரூபாய்" என்று மைக்கில் அறிவிப்பு வரும். எக்கோவை ஏற்றி வைத்து சொற்களைக் கொன்றிருப்பார்கள். கீபோர்டு சேர்த்து சினிமா மெட்டில் பாதி நேரத்தை ஓட்டிவிடுகிற செட்டும் இருக்கிறது, அதைக் கண்டால் எனக்குக் கோபமே வரும், ஆர்மோனியக்காரர் கையைக் கட்டிப்போட்டது போல ஆகிவிடுகிறது. இன்னொரு விஷயம், பபூன் டான்ஸ் காமிக்கை மட்டும் வெட்டி, இரட்டை அர்த்தத் தலைப்பு வைத்து ஏற்றியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு நாடகம் என்றாலே இதுதான் என்று ஒதுக்குபவர்கள் ஏராளம். முழு ராத்திரியில் அது முன்பகுதி, அவ்வளவுதான். அந்தக் கலைஞர்கள் மழைக்கும் பனிக்கும் ஊர் ஊராகப் போய் விடிய விடிய நிற்பவர்கள், அவர்கள் வேலையை வெட்டுத் துண்டை வைத்து அளப்பது நியாயமே இல்லை.

வீடியோவைத் தேர்ந்தெடுக்க என் வழி: நீளம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். நேராக நடுப்பகுதிக்குப் போய் நாரதர் வள்ளி தர்க்கத்தைப் பிடியுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தைப் பாருங்கள், கேட்கிறாரா, தன் முறைக்குக் காத்திருக்கிறாரா என்று. ஆர்மோனியக்காரர் பேச்சுக்கு நடுவில் பதில் கொடுக்கிறாரா, பாட்டுக்கு மட்டும் வாசிக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அந்த வீடியோவை ஆரம்பத்திலிருந்து போடலாம். ஒரே வள்ளி வேறு வேறு நாரதரோடு நின்ற வீடியோக்கள் கிடைத்தால் விடாதீர்கள், அதே பாட்டு, அதே புனம், ஆனால் எதிராளி மாறியதும் அந்த அம்மா வேறு வள்ளியாகிவிடுவார்.

அப்புறம், பங்குனி சித்திரையில் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் வர முடிந்தால் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நாடக நோட்டீஸ் ஒட்டியிருக்கும், யார் நாரதர், யார் வள்ளி என்று படத்தோடு போட்டிருப்பார்கள். டிக்கெட் கிடையாது, ஒரு போர்வை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், மூன்று மணிக்கு மேல் குளிரும். ஆர்மோனியம் இருக்கிற பக்கமாகப் பார்த்து உட்காருங்கள்.