தட்டில் எதற்கு எவ்வளவு இடம்?

அன்றாடச் சமையலிலும் சாப்பாட்டிலும் செய்யக்கூடிய மாற்றங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் ஊட்டச்சத்து ஆலோசகர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

என் கணவருக்கு 46 வயது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.1 என்று வந்ததால், இது நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று மருத்துவர் எச்சரித்தார். அன்றிலிருந்து காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் வழக்கமான சாப்பாடு, இரவில் நான்கு சப்பாத்தி என்று மாற்றிவிட்டோம். அப்படியும் அளவு குறையவில்லை. அரிசியை அடியோடு நிறுத்திவிட வேண்டுமா, அம்மா?
– வாசகி, கும்பகோணம்

நிறுத்த வேண்டியதில்லை. நீங்கள் தானியத்தை மாற்றியிருக்கிறீர்கள். தானியத்தின் மொத்த அளவு அப்படியே இருக்கிறது. நான்கு சப்பாத்திக்கு ஏறத்தாழ 120 கிராம் கோதுமை மாவு பிடிக்கும். அதில் உள்ள மாவுச்சத்து, 100 கிராம் அரிசியை வடித்துச் சாப்பிட்டால் கிடைக்கும் மாவுச்சத்துக்குச் சற்றேறக்குறையச் சமம். முழுக்கோதுமையில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சப்பாத்திக்கு உருளைக்கிழங்குக் குருமாவைத் தொட்டுக்கொண்டால், அந்த நன்மையில் பெரும்பகுதி போய்விடும். இரண்டு சப்பாத்தியும், ஒரு கிண்ணம் கெட்டியான பருப்புக் கூட்டோ கொண்டைக்கடலைக் குழம்போ, கூடவே வெள்ளரி, தக்காளி, வெங்காயம் அரிந்த பச்சடியும் இருந்தால் அதுதான் உண்மையான மாற்றம்.

கேழ்வரகைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வேறெந்தத் தானியமும் அதற்கு அருகில் வராது. ஆயினும் அதை நைசாக அரைத்து, நீர்க்கக் கரைத்து, கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கும்போது அது மிக வேகமாகச் செரித்து, இரத்தச் சர்க்கரையையும் வேகமாக ஏற்றிவிடுகிறது. வெல்லம் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையச் சேர்த்து இரண்டு அடை தட்டிக் கொடுங்கள். களியாகக் கிண்டினால், உருண்டையைச் சிறிதாக்கி, கீரைக் குழம்பைத் தாராளமாக ஊற்றிக் கொடுங்கள்.

இனி, 'வழக்கமான சாப்பாடு' என்று நீங்கள் ஒரே சொல்லில் கடந்துவிட்ட மதிய உணவுக்கு வருகிறேன். பெரும்பாலான வீடுகளில் சிக்கல் இருப்பது அங்கேதான். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, தயிருக்கு ஒரு முறை என்று மூன்று முறை சோறு விழுகிறது. பொரியலோ தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டியோடு நின்றுவிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், கீரையும் கிழங்கும் உட்படக் காய்கறிகள் 400 கிராம் என்று கணக்கிடுகிறது. அதாவது காய்கறியின் எடை தானியத்தின் எடையை விட அதிகமாக இருக்க வேண்டும். நம் தட்டில் அது தலைகீழாக இருக்கிறது.

ஆகவே, சோற்றை இரண்டு முறையோடு நிறுத்துங்கள். தயிரைச் சோறில்லாமல் கிண்ணத்தில் கொடுங்கள். அவரைக்காய், புடலங்காய், கொத்தவரங்காய் போன்ற காய்களில் பொரியலை இரு மடங்காக்கி, சாப்பாட்டின் தொடக்கத்திலேயே அதில் பாதியைச் சாப்பிடச் சொல்லுங்கள். காயும் பருப்பும் முதலில் வயிற்றுக்குள் சென்று, சோறு பின்னால் வந்தால் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படுகிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. சாப்பிட்ட பின் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பதும் அதே நன்மையைத் தரும்.

அரிசியைப் பொறுத்தவரை, பச்சரிசியை விடப் புழுங்கலரிசி நல்லது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமினின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதாகப் போய்விடுவதில்லை. தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்தவர்களை அந்நாளில் வாட்டிய, பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக, ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918-இல் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான், 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்திருக்கிறது.

உங்கள் கணவர் தனி ஆள் அல்லர். சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 13.6 கோடிப் பேர் இந்த முந்தைய நிலையில் இருப்பதாக மதிப்பிட்டது. இது திரும்பி வரக்கூடிய நிலை என்பதால் மனம் தளராதீர்கள். மேலே சொன்னபடி மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் பரிசோதனை செய்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

காபியில் வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டுக் கருப்பட்டி போட்டுக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு நான்கு முறை குடிப்பேன். இது நல்லதுதானே?
– வாசகர், திருநெல்வேலி

கருப்பட்டியில் சிறிதளவு தாதுக்கள் உண்டு. மணமும் ருசியும் தனி. ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரைதான், உடல் அதைச் சர்க்கரையாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு குவளைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால், நான்கு குவளைக்கு ஏறத்தாழ 40 கிராம் ஆகிவிடும். சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரிக்கு அந்த ஐந்து விழுக்காடு என்பது 25 கிராம்தான். நான்கை இரண்டாக்குங்கள். அந்த இரண்டிலும் வாரம் அரைத் தேக்கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நாக்கு மெல்லப் பழகிவிடும்.

வேலைக்குப் போகும் தாய் நான். ஒன்பது வயது மகனுக்குப் பாலில் ஒரு பானப்பொடி, பள்ளி இடைவேளைக்குப் பல தானிய பிஸ்கட், மாலையில் அட்டைப்பெட்டிப் பழச்சாறு கொடுக்கிறேன். எல்லாவற்றின் மேலும் சத்து நிறைந்தது என்றுதான் எழுதியிருக்கிறது. நம்பலாமா?
– வாசகி, தாம்பரம்

பொட்டலத்தின் முன்பக்கம் விளம்பரத்துக்கானது. பின்பக்கத்தைத் திருப்பி, மடிப்புக்கு அருகில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். பல தானிய பிஸ்கட் என்று வாங்கியதன் பட்டியலில் முதலில் மைதாவும், அடுத்து சர்க்கரையும், பாமாயிலும் வந்து, தானியங்கள் ஒன்றிரண்டு விழுக்காட்டோடு பின்னால் நின்றால், அது மைதா பிஸ்கட்தான். சர்க்கரை வேறு பெயர்களிலும் வரும்: குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், கார்ன் சிரப். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது இனிப்பாக இல்லாவிட்டாலும், உடலுக்குள் போனதும் வேகமாகக் குளுக்கோஸாக மாறும் மாவுப்பொருள்.

அதன் பக்கத்திலேயே உள்ள அட்டவணையில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரியைத் தேடி, 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பானப்பொடியில் அது 30 கிராம் என்றிருந்தால், 20 கிராம் பொடி போடும் ஒவ்வொரு குவளையிலும் 6 கிராம் சர்க்கரை போகிறது. அதற்கு மேல் நீங்களும் ஒரு கரண்டி போடுகிறீர்களா என்பதைக் கவனியுங்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகைக்கே 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளக்கம் கிடையாது. இத்தகைய பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. உங்கள் மகனுக்குப் பால் போதும். பழச்சாற்றில் பழத்தின் நார்ச்சத்து பெரும்பாலும் இருப்பதில்லை. அந்தப் பெட்டியின் விலைக்கு இரண்டு கொய்யாப்பழம் வாங்கிவிடலாம், ஆரஞ்சை விடப் பல மடங்கு வைட்டமின் சி அதில் உண்டு.

காலை நேர அவசரம் எனக்குப் புரிகிறது. அதனால் புதிதாகச் சமைக்கும் வேலை எதையும் சொல்லப்போவதில்லை. இரவில் ஊறவைத்த கடலையைக் காலையில் குக்கரில் சாதத்தோடு அவித்துவிடலாம். பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் கலந்து ஒரு டப்பாவில் வைத்திருந்தால் அள்ளிக் கொடுத்துவிடலாம். வாழைப்பழத்துக்கு அந்த வேலையும் இல்லை. பிஸ்கட்டை ஒரேயடியாக நிறுத்தினால் பையன் அழுவான். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று அவனோடு பேசி முடிவு செய்யுங்கள்.

எனக்கு 34 வயது, சைவம். ஹீமோகுளோபின் 9.2 இருப்பதாகச் சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை வயிற்றைப் புரட்டுவதால் விட்டுவிட்டு, பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் சாப்பிட்டு வருகிறேன். இது போதுமா?
– வாசகி, ஈரோடு

போதாது. பீட்ரூட்டின் நிறம் இரத்தத்தை நினைவூட்டுகிறதே தவிர, அதிலுள்ள இரும்புச்சத்து மிகக் குறைவு. பேரீச்சையும் நாம் நினைக்கும் அளவுக்குத் தருவதில்லை. 9.2 என்ற அளவை உணவால் மட்டும் சரிசெய்ய இயலாது. மாத்திரையை நிறுத்தியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு வகை மாத்திரையையோ, ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்துக்கொள்ளும் முறையையோ அவர் சொல்லக்கூடும். காபி, தேநீர், பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுடன் இதைச் சேர்த்து விழுங்க வேண்டாம். இவை இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுப்பவை. சாப்பாட்டுக்கும் காபிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கீரைக்கும் பயறுக்கும் எலுமிச்சை பிழிந்துகொள்வதும், நெல்லிக்காயோ கொய்யாவோ உடன் சாப்பிடுவதும் உள்ளே போகும் இரும்புச்சத்தை உடலில் சேர்க்க உதவும். கம்பு, கொள்ளு, தட்டைப்பயறு, எள் ஆகியவை வாரத்தில் பல நாட்கள் வரட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சைவ வீடுகளில் சாம்பார் இருக்கிறது, புரதத்துக்குக் குறைவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். நான்கு பேருக்கு, இரண்டு வேளைக்கும் சேர்த்து 100 கிராம் துவரம்பருப்பு வேகவைத்தால், அதில் இருப்பது சுமார் 22 கிராம் புரதம். ஆளுக்கு நாள் முழுவதற்கும் ஐந்தரை கிராம். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 42 கிராம் வேண்டும். தானியத்திலிருந்து ஒரு பகுதி வருகிறது. மீதியைத் தயிர், பால், சுண்டல், பாசிப்பருப்பு அடை, வேர்க்கடலைத் துவையல் என்று தேடிச் சேர்த்தால்தான் உண்டு. அந்த ஐந்தரை கிராமும் சமமாகப் பங்கிட்டால்தான் கிடைக்கும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண்ணுக்கு, அடியில் கொஞ்சம் பருப்பும் மேலே தண்ணீருமாக இருக்கும் குழம்பும், மிஞ்சிய சோறும், ஊறுகாயும்தான் மிச்சம். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, அதாவது சுமார் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. பந்தியில் கடைசி இடம் என்பதும் அவற்றுள் ஒன்று என்றே நான் உறுதியாக நம்புகிறேன். அடுப்பிலிருந்து இறக்கியதுமே உங்கள் பங்குக் கூட்டையும் பொரியலையும் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். யாரேனும் கேட்டால், மருத்துவர் சொன்னார் என்று சொல்லுங்கள், நானும் சொல்கிறேன்.

செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டோம். இனி அளவு பார்க்க வேண்டியதில்லை என்கிறார் என் மாமியார். சரியா?
– வாசகி, நாகர்கோவில்

செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரிதான். முன்பு சொன்ன வழிகாட்டுதலின்படி, ஆளுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய். நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டருக்குள் முடிய வேண்டும். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் தீர்கிறது என்று மாமியாரோடு உட்கார்ந்து கணக்கிட்டுப் பாருங்கள். கடலையெண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. உங்கள் பகுதியில் அதிகம் புழங்கும் தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி என்பதால், அதை அவியலுக்கும் தாளிப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயை மறுபடி பொரிக்கப் பயன்படுத்தாமல், வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்பதற்கே செலவழித்துவிடுங்கள். கறுத்து, பிசுபிசுத்து, நுரை கட்டினால் கொட்டிவிட வேண்டும்.

எனக்கு 62 வயது, இரத்த அழுத்தம் உண்டு. சாதாரண உப்புக்குப் பதில் இந்துப்பு பயன்படுத்தலாமா? சோடியம் குறைந்த உப்பு என்றும் கடையில் விற்கிறார்களே?
– வாசகர், நாகப்பட்டினம்

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். பெரும்பாலும் அயோடின் சேர்க்கப்படாதது என்பதால் அந்தக் குறையும் உண்டு. நாள் முழுவதற்கும் ஐந்து கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு என்பது உச்சவரம்பு. அது குழம்பில் மட்டும் இல்லை. அப்பளம், வற்றல், மோர்மிளகாய், ஊறுகாய், உங்கள் கடற்கரையில் கருவாடு என்று பல வழிகளில் வருகிறது. தயிர்ச்சோற்றில் தனியாக உப்புப் போடுவதை நிறுத்துங்கள். அப்பளம், ஊறுகாய் போன்றவற்றை வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோடியம் குறைந்த உப்பில் அதற்கு ஈடாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். பலருக்கு அது நன்மை செய்யும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களுக்கும் அது ஆபத்தாக முடியலாம். உங்கள் மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகே அதை வாங்குங்கள்.