பேஜர் சீக்கிரம் மறைந்தது, பார்லே-ஜி நிற்கிறது: ஏன்?

சில பொருள்கள் ஏன் சட்டென்று மறைகின்றன, சில ஏன் தலைமுறை தாண்டி விற்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பொருள் செய்யும் வேலையை வேறொன்று பறித்துக்கொள்ள முடியுமா என்பதுதான் முக்கியம் என்பேன்.

1990களில் பேஜர், அதாவது செய்தியை வாங்க மட்டும் தெரிந்த சின்னக் கருவி, பெல்ட்டில் கௌரவமாகத் தொங்கியது. செய்தி வந்தால் பதில் சொல்ல எஸ்.டி.டி. பூத்துக்கு (காசு கொடுத்துப் பேசும் பொதுத் தொலைபேசிக் கடைக்கு) ஓட வேண்டும். செல்போன் கட்டணம் இறங்கியதும் கதை முடிந்தது.

அம்பாசடர் கார் வேறு ரகம். 1957 முதல் 2014 வரை வந்தாலும், பாதி ஆயுள், புதுப் போட்டியாளர்களை எளிதில் உள்ளே விடாத அரசின் லைசென்ஸ் கட்டுப்பாடு தந்தது. 1983ல் மாருதி வந்ததும் ஆட்டம் கண்டது. அப்புறம் டாக்ஸிகளும் அரசு அலுவலகங்களும்தான் தாங்கின.

டீயில் தோய்க்கும் பார்லே-ஜி பிஸ்கட்டுக்கு, வேலையை வேறொன்று பறிக்கும் அந்த ஆபத்து இல்லை. விலைவாசி ஏறும்போதுகூட பல வருடங்கள் விலையைத் தொடாமல், பாக்கெட்டின் எடையைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள்.