படகு ஸ்டார்ட் ஆகும்போது குழம்பும் நினைவகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொட்பேயில் நிற்கும் பலநாள் படகொன்றில், கடல்நீரின் வெப்பநிலையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் கருவியொன்றைப் பூட்டியிருக்கிறேன். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, 24எல்சி256 நினைவகச் சிப். 12 வோல்ற் பற்றரியிலிருந்து 7805 என்ற அழுத்தச் சீராக்கி வழியாகப் பலகையின் 5 வோல்ற் முனைக்குக் கொடுக்கிறேன். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது சில தடவைகளில் பழைய பதிவுகளும் சேர்ந்து குப்பையாகிவிடுகின்றன. 7805க்கு முன்னால் 1000 மைக்ரோபரட் கொள்ளளவி போட்டும் மாற்றமில்லை. மல்ரிமீற்றரில் 5 வோல்ற் அசையவேயில்லை. சிப் பழுதா? கணினி ராமுக்கும் இந்தத் தொல்லை உண்டா?

வாசகர், திருகோணமலை

அன்புள்ள நண்பருக்கு,

சிப்பை மாற்றவேண்டாம். 24எல்சி256 ஐந்திலிருந்து 2.5 வோல்ற்றுக்கு இறங்கும்வரை ஒழுங்காக வேலை செய்யும். மின்சாரமே இல்லாவிட்டாலும் எழுதியதை வைத்திருக்கும். குப்பையை எழுதுவது ஊனோவின் மூளையான ஏடிமெகா328பி சிப். 16 மெகாஹேர்ட்ஸில் அது பிசகாமல் ஓட ஏறத்தாழ 3.8 வோல்ற் வேண்டும். ஆனால் ஊனோவில் பிரவுன்-அவுட் ரீசெட், அதாவது அழுத்தம் குறைந்தால் சிப்பை நிறுத்திவைக்கும் காவல், 2.7 வோல்ற்றில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அழுத்தம் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கும் நேரத்தில் அது நின்றும் போகாது, புத்தியோடும் இருக்காது. கட்டளையைப் பிழையாக வாசித்து, நிரலின் எழுதும் பகுதிக்குள் போய் விழலாம். நினைவகம் பாவம், சொன்ன முகவரியில் சொன்னதை எழுதிவிட்டு இருக்கும்.

ஆகவே முதல் வேலை, பிரவுன்-அவுட் மட்டத்தை 4.3 வோல்ற்றுக்கு உயர்த்துவது. அதற்கு பியூஸ் பிற் மாற்றவேண்டும். இது எரியும் பியூஸ் அல்ல, சிப்புக்குள் இருக்கும் ஒரு அமைப்பு. யூஎஸ்பி வயரால் நிரல் ஏற்றினால் மாறாது, யூஎஸ்பிஏஎஸ்பி போன்ற புரோகிராமர் தேவை. நீட்டித்த பியூஸ் 0எக்ஸ்எப்டி என்றிருப்பதை 0எக்ஸ்எப்சி ஆக்குங்கள்.

அடுத்தது உங்கள் கொள்ளளவி. அளவு போதும், பூட்டிய முறைதான் பிழை. பற்றரிக்கும் அதற்கும் நடுவே டயோட் இல்லாததால், ஸ்டார்ட்டர் இழுக்கும்போது கொள்ளளவியும் தன்னிடமுள்ளதை ஸ்டார்ட்டருக்கே கொட்டிவிடுகிறது. மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் 1என்5819 ஷொட்கி டயோட் ஒன்றைத் தொடரில் போடுங்கள். பிறகு கணக்குப் பார்க்கலாம்: டயோட் தாண்டி 12 வோல்ற், 7805க்குக் குறைந்தது 7 வேண்டும், இறங்க இடம் 5 வோல்ற். கருவி 20 மில்லிஅம்பியர் எடுத்தால் 1000 மைக்ரோபரட் கால் செக்கன் தாங்கும். ஸ்டார்ட்டர் அசையத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் பற்றரி அழுத்தத்தின் பள்ளம் ஆழம். சுழன்றபின் பற்றரி ஓரளவு எழும்பிவிடும். ஊனோ பலகை முழுவதும் 50 மில்லிஅம்பியர் வரை எடுக்கக்கூடும், அப்படியென்றால் 2200 மைக்ரோபரட்டுக்குப் போங்கள். 35 வோல்ற் தாங்குவதாக வாங்குங்கள்.

மல்ரிமீற்றரை நம்பியது தப்பில்லை, ஆனால் அது செக்கனுக்கு இரண்டு மூன்று தடவைதான் புதுப்பிக்கும். ஐம்பது மில்லிசெக்கன் பள்ளத்தை ஒசிலோஸ்கோப்பில்தான் காணலாம்.

பழைய பதிவுகள் கெடுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. இந்தச் சிப் 64 பைற் கொண்ட பக்கங்களாக எழுதுகிறது. நீங்கள் ஒரு பதிவுக்கு 16 பைற் மட்டும் எழுதினாலும் அந்தப் பக்கத்தின் மீதியையும் உள்ளே திருப்பி எழுதும். அதற்கு 5 மில்லிசெக்கன் வரை எடுக்கும். நடுவில் மின்சாரம் போனால் அதே 64 பைற்றுக்குள் இருந்த நல்ல பதிவுகளுக்கும் ஆபத்து. நான்கு பதிவைச் சேர்த்து முழுப் பக்கமாக எழுதுங்கள். ரீசெட் ஆனால் கடைசி அரைமணித்தியாலப் பதிவு போகும், போகட்டும். ஒவ்வொரு பதிவிலும் 2 பைற் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்தால் கெட்டது எதுவென்றாவது தெரியும்.

எழுதத் தொடங்குமுன் பற்றரியைப் பார்க்கவும் வேண்டும். டயோட்டுக்கு முன்னாலிருந்து 33 கிலோஓம், 10 கிலோஓம் தடைகளால் பிரித்து அனலொக் முனைக்குக் கொடுங்கள். பற்றரி 9 வோல்ற்றானால் அங்கே 2.1 வோல்ற், நிரலில் வரும் எண் 428. அதற்குக் கீழே என்றால் காத்திருக்கட்டும். எழுதும் நடுவில் பள்ளம் வந்தாலும் கொள்ளளவி கொடுக்கும் அவகாசம் 5 மில்லிசெக்கனைவிடப் பலமடங்கு. நினைவகச் சிப்பில் எழுத்தைத் தடுக்கும் டபிள்யூபி முனையை எர்த்தில் கட்டியிருந்தால் கழற்றி, 10 கிலோஓம் தடையால் 5 வோல்ற்றுக்கு இழுத்துவிடுங்கள். நிரல் எழுதும் நேரத்தில் மட்டும் கீழே இறக்கட்டும். ரீசெட்டில் இருக்கும்போது ஏடிமெகாவின் முனைகள் மேலும் இழுக்காமல் கீழும் இழுக்காமல் கைவிட்ட நிலையில் இருக்கும். அப்போது தடை தானாகவே பூட்டுப் போட்டுவிடும்.

சிப்பின் மின்முனையோடு ஒட்டி 100 நானோபரட் செராமிக் ஒன்று இருக்கிறதா? பத்து சென்றிமீற்றர் வயருக்கு ஏறத்தாழ 100 நானோஹென்றி தூண்டம், அதாவது மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் தன்மை, உண்டு. 20 மில்லிஅம்பியர் 5 நானோசெக்கனில் மாறினால் 0.4 வோல்ற் அங்கேயே விழும். தூரத்தில் நிற்கும் பெரிய கொள்ளளவியால் அதற்கு உதவமுடியாது.

எர்த் வயரை எஞ்சினில் பிடிக்காமல் பற்றரி முனையிலிருந்தே நேராக எடுங்கள். பிளஸ் வயரில் 1 அம்பியர் பியூஸ் இருக்கட்டும். உப்புக்காற்றில் பச்சை பூத்த முனைகளைச் சுரண்டாமல் மற்ற எதைச் செய்தும் பிரயோசனம் குறைவு.

கணினி ராமில் விடயம் வேறு. அங்கே மின்னழுத்தமேதான் தரவு. ஒவ்வொரு பிற்றும் ஒரு மிகச்சிறு கொள்ளளவியில் இருக்கும் மின்னேற்றம். ஒழுகிப்போவதால் வழக்கமாக 64 மில்லிசெக்கனுக்குள் புதுப்பிக்கவேண்டும். வாசிக்குமுன் பிற் கம்பியைப் பாதி அழுத்தத்தில் நிறுத்தி, அந்தக் கொள்ளளவியுள்ள கலத்தைத் திறந்தவுடன் கம்பியின் அழுத்தம் மேலே போகிறதா கீழே போகிறதா என்று ஒரு பெருக்கிச் சுற்று பார்க்கிறது. அந்த அசைவு வோல்ற்றின் பத்திலொரு பங்களவுதான். இடையில் மின்வழங்கல் ஆடினால் 1 என்பது 0 ஆகிவிடலாம். அதனால்தான் டிடிஆர்4 வகை ராமுக்கு 1.2 வோல்ற் 1.14க்கும் 1.26க்கும் இடையில் நிற்கவேண்டும். கலத்தின் கதவைத் திறக்கத் தனியாக 2.5 வோல்ற்றும் கொடுக்கிறார்கள். அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5இல் அழுத்தச் சீராக்கியே ராம் பலகையில் வந்து ஏறிவிட்டது.

ஊனோவின் பியூஸ் பிற்றை மாற்றியபின், நீளமான மலிவு யூஎஸ்பி வயரில் பூட்டினால் ஊனோ திரும்பத் திரும்ப ரீசெட் ஆகலாம். 4.3 என்றது சில சிப்களில் 4.5 வரை போகும். வயரை மாற்றுங்கள், பியூஸ் பிற்றைத் திருப்பி இறக்கவேண்டாம்.