ரோலர் கதவின் ஸ்பிரிங்கை நாமே முறுக்கலாமா?

தலவாக்கலையில் பலசரக்குக் கடை வைத்திருப்பதாகவும், கடையின் ரோலர் கதவு சில மாதங்களாகப் பாரமாகிக்கொண்டே வந்து, இப்போது பாதி உயரத்தில் விட்டால் நிற்காமல் இறங்கிவிடுவதாகவும், உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை நீங்களே முறுக்கிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கையால் இழுத்து மூடும் கதவு என்றால் முறுக்கலாம். ஆனால் துணைக்கு ஒருவர் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக வேலை பழகி, பின்னர் அட்டன் நகரில் இவ்வகைக் கதவுகளைப் பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கதவு பாரமானவுடன் ஸ்பிரிங்கின் மேல் பழியைப் போடக் கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையிலும் மூடுபனியிலும் நனையும் நம் பக்கத்தில், இருபுறத்துத் தண்டவாளங்களிலும் துரு ஏறிக் கதவைப் பிடித்துக்கொள்வது வழக்கம். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அவற்றைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் மெழுகு தேய்த்துப் பாருங்கள். கிரீஸ் பூச வேண்டாம். அது தூசியைச் சேர்த்து மறுபடியும் இறுக்கிவிடும். ஒரு நாள் பெரிய சத்தம் கேட்டு, அன்றிலிருந்து கதவு திடீரெனப் பாரமாகியிருந்தால் ஸ்பிரிங் முறிந்திருக்கிறது என்று பொருள். முறிந்ததை முறுக்கிப் பயனில்லை. கதவையே இறக்கி மாற்ற வேண்டும், அது கடைக்காரர் செய்யக்கூடிய வேலையல்ல.

தண்டவாளம் சுத்தமாக இருந்தும் கதவு தானாக இறங்கினால்தான் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. நடுவிலுள்ள இரும்பு அச்சு, இருபக்கமும் சுவரிலுள்ள தாங்கியில் யூ போல்ட்டால் (U வடிவில் வளைந்த, நட்டுகளால் இறுக்கும் போல்ட்) இறுக்கப்பட்டு அசையாமல் நிற்கும். தகடு சுருளும் உருளை மட்டும் அதைச் சுற்றிச் சுழலும். ஸ்பிரிங்கின் ஒரு முனை அச்சிலும் மறுமுனை உருளையிலும் மாட்டியிருப்பதால், கதவை இழுத்து மூடும்போது அது முறுக்கேறி, திறக்கும்போது அந்த விசையைத் திருப்பித் தருகிறது. முறுக்கைக் கூட்ட, யூ போல்ட்டுகளைத் தளர்த்தி, பற்களால் கடித்துப் பிடிக்கும் பைப் ரெஞ்சை அச்சில் மாட்டி அச்சைத் திருப்ப வேண்டும். 60 கிலோ எடையுள்ள கதவு 12 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளையில் தொங்கினால், 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பைப் ரெஞ்சின் நுனியில் 12 கிலோ பாரத்துக்குச் சமமான விசையால் அதைத் தாங்கலாம். 20 சென்டிமீட்டர் ரெஞ்சைப் பிடித்தால் அதே வேலைக்கு 36 கிலோ வேண்டும். குட்டை ரெஞ்சோடு ஏணியில் ஏறாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

என் மாமா, கதவு மூடியிருந்த நிலையிலேயே யூ போல்ட்டுகளைத் தளர்த்தினார். மூடிய கதவில்தான் முறுக்கு உச்சத்தில் இருக்கும். அச்சு கையை மீறிச் சுழன்றது. ரெஞ்சின் கைப்பிடி அவருடைய மணிக்கட்டை முறித்தது. அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவன் நான்.

ஆகவே கதவை முழுவதும் மேலே ஏற்றி, சுருளை இரண்டு இடங்களில் கயிற்றால் சுற்றி இறுகக் கட்டிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். அப்போதும் ஸ்பிரிங்கில் முறுக்கு மிச்சமிருக்கும் என்பதை மறக்காதீர்கள். அச்சுக்கும் தாங்கிக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எவ்வளவு திருப்பினீர்கள் என்பது தெரியும். கதவு மேலேறும்போது உருளை எந்தத் திசையில் சுழல்கிறதோ அதே திசையில் அச்சைத் திருப்பினால்தான் முறுக்கு கூடும். பிடியை விட்டால் அச்சு அதற்கு எதிர்த்திசையில் பாயும். அச்சைத் தாங்கிப் பிடிப்பதற்கும் திருப்புவதற்கும் ஒரே திசையில்தான் விசை கொடுக்க வேண்டும் என்பதால், ரெஞ்சின் பற்கள் அந்தத் திசையில் கடிக்குமாறு தொடக்கத்திலேயே மாட்டிவிடுங்கள். கைப்பிடி வீசக்கூடிய வட்டத்துக்குள் முகமோ, ஏணியில் நிற்கும் உடலோ வரக் கூடாது.

முதலில் தூரத்து முனையிலுள்ள நட்டுகளை, அச்சு திரும்புமளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். எந்த நட்டையும் கழற்றி எடுக்க வேண்டாம். பிறகு இந்த முனையில் நீங்கள் இரு கைகளாலும் ரெஞ்சைத் தாங்கி நிற்க, துணைக்கு வந்தவர் இன்னோர் ஏணியிலிருந்து இந்தப் பக்க நட்டுகளை மெல்லத் தளர்த்தட்டும். கால் சுற்று திருப்பியதும் அப்படியே நிறுத்தி, அவர் இறுக்கி முடித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லும் வரை கையை எடுக்காதீர்கள். அதன் பிறகே தூரத்து முனையை இறுக்க வேண்டும்.

கயிற்றை அவிழ்த்து, கதவை இடுப்பளவுக்கு இறக்கி விட்டுப் பாருங்கள். அங்கேயே நின்றால் போதும். இன்னும் இறங்கினால் மீண்டும் ஏற்றிக் கட்டி, இன்னொரு கால் சுற்று கொடுக்கலாம். தானாக மேலே ஓடினால் முறுக்கு மிகுந்துவிட்டது. அதே பாதுகாப்போடு சற்றுக் குறைக்க வேண்டும், ஏனெனில் அப்படிப்பட்ட கதவு கைநழுவினால் அடித்தகடு வேகமாக மேலே போய் மோதும்.

இறுக்கி முடித்த இடத்தில் அச்சுக்கும் தாங்கிக்கும் குறுக்கே புதிய கோடொன்று போட்டு, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் யூ போல்ட்டின் பிடியில் அச்சு வழுக்குகிறது. அன்றே கதவை ஏற்றிக் கட்டிவிட்டு நட்டுகளை இறுக்குங்கள்.