ஆயிரம் பவுண்டுக்குக் கைமாறிய இங்கிலாந்து கால்பந்து ஆட்டக்காரர் ஆல்ஃப் காமன் யார்? அந்தப் பணம் அவருக்குக் கிடைத்ததா?

கிடைக்கவில்லை. 1905 பிப்ரவரியில் மிடில்ஸ்பரோ கிளப் கொடுத்த 1000 பவுண்டு, அவரை விட்டுக்கொடுத்த சண்டர்லேண்ட் கிளப்புக்குத்தான் போனது. கால்பந்தில் நான்கு இலக்கத் தொகைக்கு மாற்றப்பட்ட முதல் ஆட்டக்காரர் காமன். ஆனால் 1901 முதல் இங்கிலாந்தில் ஊதிய உச்சவரம்பு இருந்தது: எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் வாரம் 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் கூடாது. எனக்கு இது அப்பட்டமான அநியாயமாகத்தான் படுகிறது. அந்த உச்சவரம்பு நீங்க 1961 வரை ஆனது.

சரி, மிடில்ஸ்பரோ ஏன் இவ்வளவு கொடுத்தது? கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் அபாயம். வெளியூர் ஆட்டங்களில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக வெற்றியே இல்லை. காமன் வந்ததும் ஷெஃபீல்டு யுனைடெட் மைதானத்தில் 1–0 என்று ஜெயித்தார்கள். பெனால்டியில் அந்த கோலைப் போட்டவர் அவரே. 1902-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பை வென்ற ஷெஃபீல்டு யுனைடெட் அணியில் ஆடியவரும் அவர்தான்! அந்தப் பருவத்தில் மிடில்ஸ்பரோ தப்பித்தது.

விலைக்கு ஆட்களை வாங்கித் தப்பிப்பதா என்று பத்திரிகைகள் கொதித்தன. 1908-இல் ஆட்டக்காரரை வாங்கக் கிளப்புக்குக் கிளப் கொடுக்கும் மாற்றுத்தொகைக்கே 350 பவுண்டு என வரம்பு வைத்தார்கள். சில மாதங்களில் கைவிட்டார்கள்.

இங்கிலாந்துக்காக 3 ஆட்டங்கள், 2 கோல்கள். அப்புறம் 1910-இல் வூல்விச் ஆர்சனல் கிளப், பிறகு பிரெஸ்டன் கிளப். 1914-இல் ஓய்வு பெற்று, டார்லிங்டனில் மதுக்கடை நடத்தினார். 1946-இல் இறந்தார்.