தட்டான் சிறகைப் படித்தால் சோறு கிடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், போனில் ஸ்லோமோஷனில் எடுத்த தட்டான் வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்க்கிறாள், "இதைத்தான் படிக்கப் போகிறேன்" என்கிறாள், இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அவள் பார்ப்பது வெறும் வேடிக்கை இல்லை.

வீட்டில் பனையோலை விசிறி இருந்தால் எடுத்து மெதுவாக வீசிப் பாருங்கள். கை திரும்பிய பிறகும் ஓலையின் நுனி ஒரு கணம் பின்தங்கி, வளைந்து, அப்புறம்தான் திரும்பும். பூச்சியின் சிறகும் இப்படித்தான் ஒவ்வோர் அடிப்பிலும் வளைகிறது, முறுக்கிக்கொள்கிறது. காற்றைத் தள்ளும் திசையும் அதோடு சேர்ந்து மாறுகிறது. எவ்வளவு விறைப்பு, எவ்வளவு நெகிழ்வு என்பதில்தான் சூட்சுமம்.

இன்னொரு அதிசயமும் உண்டு. பூச்சி தன் சிறகைச் சாய்க்கும் அளவுக்கு விமான இறக்கையைச் சாய்த்தால், காற்று இறக்கையை விட்டுப் பிரிந்து தூக்குவிசை சரிந்துவிடும். பூச்சிக்குச் சரிவதில்லை. சிறகின் முன்விளிம்பில் காற்று சின்னச் சுழலாகச் சுருண்டு, சிறகோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. சுழலுக்குள் அழுத்தம் குறைவு. அதனால் சிறகு மேலே இழுக்கப்படுகிறது. 1996-இல் கேம்பிரிட்ஜில் சார்லஸ் எல்லிங்டனின் குழு, புகையை ஓடவிட்டு அந்துப்பூச்சியின் சிறகில் இதைக் காட்டியது. 2018-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தார் மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சிறகு செய்து, நொடிக்கு 17 முறை சிறகடிக்கும் 29 கிராம் ரோபோவையே பறக்கவிட்டார்கள். 'டெல்ஃப்ளை நிம்பிள்' என்று பெயர். மகளிடம் சொல்லுங்கள், தேடிப் பார்க்கட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். 'சிறகடிப்பு இன்ஜினியர்' என்று விளம்பரம் வராது. இந்த வேலை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. எம்.டெக்., பிஎச்.டி. என்று போக வேண்டும். பி.இ. முடித்த கையோடு சம்பளம் வந்தே ஆகவேண்டிய வீட்டுநிலை என்றால், அதை மறைக்காமல் இன்றே அவளிடம் பேசிவிடுங்கள். மேற்படிப்புச் செலவை நினைத்து மட்டும் தயங்க வேண்டாம். எம்.டெக்.குக்கான நுழைவுத் தேர்வான கேட் எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகையோடு பிஎச்.டி. சேர்ந்தால் தொடக்கத்திலேயே 37,000.

வழியில் மனசு மாறினாலும் நஷ்டமில்லை. காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் சி.எஃப்.டி., வளையும் பொருள்களின் கட்டமைப்பு, இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல்ஸ், புரோகிராமிங் எல்லாம் இதற்குள் வந்துவிடும். ட்ரோன், காற்றாலை, கார் என்று பல இடங்களில் இவற்றுக்குத் தேவை இருக்கிறது.

கல்லூரி விஷயத்தில்தான் நான் கறாராகச் சொல்வேன். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்கல், அதாவது விமானப் பொறியியல், இருக்கிறது. அப்துல் கலாம் படித்த இடம். பொறியியல் கலந்தாய்வு வழியாகவே சேரலாம். அது கிடைக்காவிட்டால், பெயருக்கு ஏரோநாட்டிக்கல் நடத்தும் கல்லூரியில் காசைக் கொட்டாதீர்கள். என்னிடம் வந்த ஒரு மாணவர் படித்த இடத்தில், காற்றை ஓடவிட்டு இறக்கைகளைச் சோதிக்கும் விண்ட் டனல் நான்கு வருஷமும் பூட்டியே கிடந்தது. அந்தப் பையனின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதைவிட நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் எடுக்கட்டும். கேட் எழுதி எம்.டெக்.கில் ஏரோஸ்பேஸுக்கு மாறிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். விடை வராத ஒரு கணக்கோடு இரண்டு மணி நேரம் அவளால் உட்கார முடிகிறதா? இந்தத் துறையில் பாதி நாள் அப்படித்தான் போகும். மார்க்கைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போடுவதற்கு முன் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தட்டான் வீடியோவையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.